பீரோவைத் திறந்து விடுங்க, சார்!

"இந்தக் காலத்துப் பசங்க எங்கேங்க புத்தகம் படிக்குது? எப்பப் பார்த்தாலும் செல்போன், செல்போன்..."

கல்யாண வீடோ, ரயில் பெட்டியோ, டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பெஞ்சோ, நாலு பெற்றோர் ஒன்று சேர்ந்தால் போதும், இந்தப் புலம்பல் ஆரம்பித்துவிடும். நானும் புலம்பியவள்தான். இப்போது நிறுத்திவிட்டேன். என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் "லைப்ரரிக்கு ஆள் இல்லை, பெற்றோர் யாராவது சனிக்கிழமைகளில் வந்து உதவ முடியுமா?" என்று கேட்டார்கள். வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று போனேன். (சும்மா இருக்கிறோமா? அது வேறு கதை!) மூன்று வருஷம் போனேன். அந்த மூன்று வருஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். குழந்தைகள் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. நாம்தான் படிக்க விடவில்லை.

முதல் நாள் போனபோது லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆபீஸ் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பழைய விடைத்தாள் கட்டுகள், உடைந்த உலக உருண்டை, ஸ்போர்ட்ஸ் டே கொடிகள். இவற்றுக்கு நடுவே இரண்டு கண்ணாடி பீரோ. உள்ளே சுமார் அறுநூறு புத்தகங்கள், வரிசையாக, நம்பர் ஒட்டி, அட்டை போட்டு, அழகாக! இரண்டு பீரோவுக்கும் பூட்டு.

"சாவி?"

"ஹெட்மாஸ்டர்கிட்ட இருக்கும்மா. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா திறப்போம்."

லைப்ரரி பொறுப்பில் இருந்த தமிழ் டீச்சரைக் குறை சொல்லத் தோன்றியது. ஆனால் அவர் சொன்ன பதிலைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். "புத்தகம் ஒண்ணு தொலைஞ்சா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல நான்தாங்க கையெழுத்துப் போட்டிருக்கேன். போன வருஷம் ஏழு புத்தகத்துக்கு என் கைக்காசைக் கட்டினேன். நீங்களா இருந்தா திறப்பீங்களா?"

திறக்க மாட்டேன்தான்!

நம் பள்ளிக்கூட லைப்ரரிகளின் வியாதியே இதுதான் என்பது என் அபிப்பிராயம். பணம் இல்லை, இடம் இல்லை என்பதெல்லாம் அடுத்த கட்டம். புத்தகம் தொலைந்தால் ஒரு தனி மனுஷியின் சம்பளத்தில் கை வைக்கிற ஏற்பாடு இருக்கும்வரை எந்த பீரோவும் திறக்காது. சுண்ணாம்புக்கட்டி தேய்ந்தால் யாராவது ஃபைன் போடுகிறார்களா? கால்பந்து கிழிந்தால் டிரில் மாஸ்டர் பணம் கட்டுகிறாரா? புத்தகமும் அதே மாதிரி தேய்கிற சாமான்தான். வருஷத்துக்கு இத்தனை கிழியும், இத்தனை காணாமல் போகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். கிழியாமல் பத்து வருஷம் இருக்கிற கதைப் புத்தகம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், பத்திரிகைகள், எல்லாப் பாடங்களுக்கான புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று போட்டு, கதைப் புத்தகங்களையும் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். கதைப் புத்தகம்! கைடு இல்லை, நோட்ஸ் இல்லை. பொது அறிவுக் களஞ்சியத்தை வாங்கி அடுக்கிவிட்டு "லைப்ரரி இருக்கு" என்று சொல்பவர்கள் அந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நமக்கு வழி காட்ட வெளியூர் ஆள் தேவையே இல்லை. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதிவிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்காகத்தான் என்பது முதல் விதி. உலகம் முழுக்க நூலகர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு மாடு இழுத்துக்கொண்டு போன புத்தகம், இன்றைக்கு ஆபீஸ் ரூமிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறது!

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரிய சாதனை எதுவும் இல்லை. ஹெட்மாஸ்டரிடம் நாலு அம்மாக்கள் போய் நின்றோம். "தொலைகிற புத்தகத்துக்கு டீச்சரைக் கேட்காதீங்க சார். பெற்றோர் சங்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கிடறோம்" என்றோம். அவர் நல்ல மனிதர். கொஞ்சம் தயங்கினார், பிறகு சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

திறந்தால் போதும், குழந்தைகள் பாய்ந்து வருவார்கள் என்று நினைத்தோம். வரவில்லை! முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற புத்தகத்தைக் குழந்தை எடுப்பதில்லை. அதற்கு முகம் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல் கொடிக்கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பால் புத்தகங்களை அட்டை தெரியும்படி மாட்டினோம். செலவு நூறு ரூபாய்க்குள். மறு வாரமே ஒண்ணாம் வகுப்பு வாண்டுகள் வாசலில் நின்றன. வாரம் ஒருமுறை கொடியில் இருப்பதை மாற்றுவோம். யார் மாற்றுவது என்பதில் சண்டையே வந்தது. அதனால் வகுப்புக்கு இரண்டு பேரைக் "குட்டி நூலகர்" ஆக்கினோம். புத்தகம் கொடுப்பது, பெயர் எழுதுவது, திரும்பக் கேட்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெரியவர்கள் கேட்டால் திரும்பாத புத்தகம், பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்டால் திரும்பிவிடுகிறது. இது என்ன மாயமோ எனக்குத் தெரியாது!

அடுத்தது, கதை படித்துக் காட்டுவது. கவனியுங்கள், கதை சொல்வது இல்லை, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக் காட்டுவது. பதினைந்து நிமிஷம். சுவாரஸ்யமான கட்டத்தில் மூடிவிட்டு, "மீதியை நீங்களே பார்த்துக்கோங்க, புத்தகம் இங்கேதான் இருக்கும்" என்று வைத்துவிட்டு வந்துவிடுவேன். தொடர்கதை போடுகிற பத்திரிகைகளிடம் கற்ற வித்தை. ஒரு பிரதி போதாமல் போய்விடும். "பெரிய வகுப்புக்கு எதுக்குக் கதை படிச்சுக் காட்டணும்?" என்று ஒரு சார் கேட்டார். எட்டாம் வகுப்பில்தான் சத்தமே இல்லாமல் கேட்டார்கள், அதைச் சொன்னால் அவர் நம்பவில்லை.

இங்கேதான் அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு. லைப்ரரிக்கு வருவான், படத்தைப் புரட்டுவான், மூடிவிடுவான். "சோம்பேறிங்க. வீட்டிலேயும் புத்தகத்தைத் தொட மாட்டான்னு அவங்க அம்மாவே சொல்றாங்க" என்றார்கள். ஆனால் நான் படித்துக் காட்டும்போது முதல் வரிசையில் உட்காருவது அவன்தான். போன வாரம் எங்கே நிறுத்தினேன் என்று எனக்கே மறந்துவிடும், அவன் சொல்லுவான். இவ்வளவு ஆசையாகக் கதை கேட்கிற பிள்ளை சோம்பேறியாக இருக்க முடியுமா?

ஒரு நாள் தனியாக உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு வரி. கண்ணைக் கசக்கினான். மூன்றாவது வரி. நெற்றியைப் பிடித்தான். "எப்பவும் இப்படியாடா?" என்றேன். "படிச்சா தலை வலிக்கும் ஆன்ட்டி. எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றான். எல்லாருக்கும் அப்படித்தான் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறது குழந்தை!

கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பிளஸ் பவர். தூரத்தில் போர்டு பளிச்சென்று தெரிந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பள்ளியில் நடக்கிற பரிசோதனையில் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படித்துவிட்டால் "பார்வை நன்று" என்று எழுதிவிடுவார்கள். கிட்டப் பார்ப்பதில் உள்ள சிரமம் அதில் தப்பிவிடலாம். சின்ன வயதில் கண் தசைகள் முக்கி முனகிச் சமாளித்துவிடும். அதற்குக் கூலியாகத் தலைவலி, கண்ணில் நீர், படிப்பில் வெறுப்பு. அதனால்தான் சொல்கிறேன், "படிக்க மாட்டேங்குது" என்று ஒரு குழந்தையை அடிப்பதற்கு முன்னால் கண்ணையும் காதையும் சோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்து, புத்திசாலியாகவும் இருந்து, எழுத்துகளைக் குழப்பிக்கொண்டே இருந்தால் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். அதற்கென்று பயிற்சி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சோம்பேறி என்ற பட்டம் எந்த மருந்துச் சீட்டிலும் இல்லை.

கண்ணாடி போட்டதும் அவன் புத்தகப் புழு ஆகிவிட்டானா என்றால் இல்லை. சினிமாவில்தான் அப்படி நடக்கும். ஆறு வருஷம் விட்டுப்போனது இருக்கிறதே! மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக்கூடத் திக்கித் திக்கித்தான் படித்தான். ஆறாம் வகுப்புப் பையன் கையில் குட்டிப் புத்தகத்தைக் கொடுத்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். என்ன செய்வது? தமிழ் டீச்சர் ஒரு யோசனை செய்தார். "ஒண்ணாம் கிளாஸுக்குக் கதை படிச்சுக் காட்ட ஒரு அண்ணன் வேணும்" என்று அவனை அனுப்பினார். படித்துக் காட்ட வேண்டுமே என்று முதல் நாள் ராத்திரி வீட்டில் ஐந்து தடவை ஒத்திகை பார்ப்பானாம். அவன் அம்மா சொல்லிச் சிரித்தார். ஒரு வருஷம் ஓடியது.

அப்புறம் காமிக்ஸ். "ஐயையோ, காமிக்ஸா!" என்று பதறும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது அதை ஒளித்து ஒளித்துப் படித்த பையன்கள்தான் இன்றைக்கு வழுக்கைத் தலையோடு "இந்தக் காலத்துப் பசங்க..." என்று புலம்புகிறார்கள். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவும் 1972-ல் தொடங்கிய கோகுலமும் இன்று கடையில் தொங்குவதில்லை. நமக்குக் கிடைத்த அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கு மூடிவிட்டது. அதையாவது ஒப்புக்கொண்டு பிறகு அவர்களைக் குறை சொல்லலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-ல் தொடங்கிய துளிர், நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தை நூல்கள், துலிகாவின் படப் புத்தகங்கள் என்று தேடினால் கிடைக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிப் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். பணம் இல்லாத பள்ளிக்கு இது வரப்பிரசாதம்.

எது கிடைத்தாலும், படித்து முடித்ததும் கேள்வி கேட்கிற வழக்கத்தை நிறுத்த வேண்டும். "கதையின் நீதி என்ன? ஐந்து வரிக்கு மிகாமல் எழுதுக." சினிமா பார்த்துவிட்டு வெளியே வரும்போது உங்களை நிறுத்தி யாராவது இப்படிக் கேட்டால் அடுத்த படத்துக்குப் போவீர்களா? டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், இவரும் ஒரு பள்ளி ஆசிரியர், 1992-ல் எழுதிய புத்தகத்தில் வாசகனுக்குப் பத்து உரிமைகள் என்று பட்டியலே போட்டார். பக்கத்தைத் தாண்டிப் போகலாம், முடிக்காமல் வைக்கலாம், ஏன், படிக்காமலேகூட இருக்கலாம்! ஜப்பானில் 1988-ல் சிபா பகுதியில் ஒரு பள்ளியின் ஆசிரியர் தொடங்கிய காலை வாசிப்பும் இதே தினுசுதான். வகுப்பு தொடங்கும் முன் பத்து நிமிஷம். எல்லாரும் படிக்க வேண்டும், தினமும் படிக்க வேண்டும், பிடித்ததைப் படிக்கலாம், படித்தால் மட்டும் போதும். வாத்தியாரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. அங்கே ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிவிட்டது. இங்கே லைப்ரரி பீரியட் என்று டைம்டேபிளில் இருக்கும், பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொள்வார்.

நம் பத்திரிகையில் எழுதும்போது உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்டது இதுதான்: "ரொம்பப் படிச்சா கண் கெட்டுடுமே?"

பயம் முழுக்கத் தப்பில்லை. மணிக்கணக்காகக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் கிட்டப்பார்வைக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதற்கு மருந்து புத்தகத்தைப் பிடுங்குவது இல்லை, வெளியில் அனுப்புவது. தைவானில் 2010-ல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிஷம் வெளி வெளிச்சத்தில் விடும் திட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் அங்கே பார்வைக் குறைவு ஏறிக்கொண்டே போனது நின்று கொஞ்சம் இறங்கியது. நாங்கள் கொடியில் மாட்டிய புத்தகங்களைக் கூடையில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். நிழல், காற்று, நல்ல வெளிச்சம். புத்தகம் கண்ணிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி மரத்து உச்சியில் என்ன பறவை என்று பார்க்கச் சொல்லுங்கள். படுத்துக்கொண்டு, மங்கல் விளக்கில் படிப்பது வேண்டாம். படிக்கும் இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று எத்தனை பள்ளி லைப்ரரியில் யார் கவனிக்கிறார்கள்? எங்கள் அறையில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் கண் சிமிட்டும்.

பீரோவில் பூச்சி வராமல் இருக்க நாப்தலீன் உருண்டை போடுவார்கள். குழந்தைகள் புழங்குகிற இடத்தில் தயவுசெய்து அது வேண்டாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து, சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் உடைகிற அளவுக்குப் போகும். காய்ந்த வேப்பிலையையும் வசம்பையும் துணியில் முடிந்து போடலாம். அவையும் கைக்கு எட்டாத மேல் தட்டிலேயே இருக்கட்டும். பழைய புத்தகத் தூசியில் தும்மலும் வீசிங்கும் வருகிற பிள்ளைகள் உண்டு. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து அலமாரியைத் துடைத்த பிறகு அவர்களை உள்ளே விடுங்கள். உண்மையில், தினம் கையில் புரளும் புத்தகத்தில் தூசியும் சேராது, பூச்சியும் குடியேறாது. பூட்டி வைத்ததைத்தான் ராமபாணம் அரிக்கும்.

புத்தகத்தை மருந்துச் சீட்டில் எழுதுகிற டாக்டர்களும் உண்டு! அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தை டாக்டர்கள் 1989-ல் ஒரு பழக்கம் தொடங்கினார்கள். பரிசோதனைக்கு வரும் குழந்தை கையில் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்து, தாய்க்கு எப்படிப் படித்துக் காட்டுவது என்று சொல்லி அனுப்புவது. 2014-ல் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமே, பிறந்ததிலிருந்தே சேர்ந்து படிக்கும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்று தன் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான வழிகாட்டியில், உட்கார வைக்கிற நேரத்தில் திரையைக் காட்டாமல் கதை சொல்லுங்கள், சேர்ந்து படியுங்கள் என்கிறது. ராத்திரி தூங்குவதற்கு முன் செல்போனை ஹாலில் வைத்துவிட்டு, அரை மணி புத்தகத்தோடு படுக்கப் போகிற வீட்டில் காலையில் எழுப்புகிற சண்டை குறைவாக இருக்கும். என் வீட்டில் குறைந்தது. என் கணவரின் செல்போனைத்தான் இன்னும் ஹாலில் வைக்க முடியவில்லை.

பெற்றோருக்கு இன்னொன்று. பிறந்த நாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லெட் கொடுப்பதற்குப் பதில் லைப்ரரிக்கு ஒரு புத்தகம் கொடுக்கச் சொன்னோம். முதல் பக்கத்தில் குழந்தையின் பெயர், தேதி. பல்லுக்கும் நல்லது. தன் பெயர் போட்ட புத்தகத்தை யார் எடுத்துப் போகிறார்கள் என்று அந்தக் குழந்தை வாரா வாரம் வந்து பார்க்கும். அப்புறம், வீட்டு வரியில் பத்து சதவீதம் நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிறோமே, அந்தக் கிளை நூலகத்துக்குள் கடைசியாக எப்போது போனீர்கள்? காசு கட்டிய ஹோட்டலில் சாப்பிடாமல் திரும்பி வருவோமா?

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. தாத்தா பாட்டிகளைக் கதை சொல்ல அழைத்தோம், இரண்டு வாரத்தில் அது அரசியல் பேச்சாகிவிட்டது, நிறுத்திவிட்டோம். "அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு" என்று அறிவித்தோம். ஒரு பெண் ஒரு நாளில் ஒன்பது புத்தகம் திருப்பிக் கொடுத்தாள். பரிசையும் நிறுத்தினோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எங்களால் கடைசிவரை வரவழைக்க முடியவில்லை. டியூஷன்.

மூன்று வருஷக் கணக்கு எடுத்தபோது இருபத்தெட்டு புத்தகம் குறைந்தது. தமிழ் டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது, பழைய பயம். ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரில் "படித்துத் தேய்ந்தது" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரு நாற்பது, அட்டை பிய்ந்து, நூல் தொங்கிக்கொண்டு கூடையில் கிடக்கிறது. அதற்கென்று "புத்தக ஆஸ்பத்திரி" வைத்திருக்கிறோம். டாக்டர்கள் எல்லாரும் ஏழாம் வகுப்பு. கண்ணாடி போட்ட பையன்தான் சீஃப் டாக்டர். இந்தச் சனிக்கிழமை மைதா பசை காய்ச்சிக் கொடுக்க மட்டும் பெரியவர்கள் யாராவது வேண்டும். அடுப்பை அவர்கள் கையில் கொடுக்க முடியாதே!